இடுப்புக் கச்சையும் நீல வானமும்

பதினான்கே அத்தியாயங்களோடு நின்றுபோன தொடர் ‘பான் ஆம்’. 2011 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி, 2012 பிப்ரவரியில் முடிந்துவிட்டது. குறுந்தகடுகளில் அதை இரண்டாம் முறையாகப் பார்த்து முடித்த நாங்கள் மூவரும் இன்னும் அதைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறோம்.

கதை நடப்பது 1963-இல். 1958 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு போயிங் 707 பறக்கத் தொடங்கி ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. நீலச் சீருடை, வெள்ளைக் கையுறை, தொப்பி, விமானத்திலேயே சமைத்துச் சூடாகப் பரிமாறும் விருந்து. இந்த மினுக்கை நாங்கள் ரசித்தோம். ரசிக்காமல் இருந்தோம் என்று சொன்னால் அது பாசாங்கு.

ஆனால் முதல் அத்தியாயத்திலேயே பணிப்பெண்களை எடை பார்க்கிறார்கள். உள்ளே இடுப்புக் கச்சை அணிந்திருக்கிறாளா என்று தொட்டுச் சோதிக்கிறார்கள். காட்சி வேடிக்கைபோல நகர்ந்துவிடுகிறது. எங்களில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நேர்காணலில் அவளுடைய பட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. உயரம் என்ன, எடை என்ன, கல்யாணம் எப்போது என்றே கேட்டார்களாம். “அந்தப் பெண்கள் தராசில் ஏறும்போது எங்கே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், கவனித்தீர்களா?” என்றாள். நாங்கள் கவனித்திருக்கவில்லை. மறுபடி ஓட்டிப் பார்த்தோம்.

அக்காலத்துப் பெரும்பாலான அமெரிக்க விமான நிறுவனங்களில் மணமானால் வேலை போய்விடும். சிலவற்றில் 32 வயதோடு சரி. இத்தனைக்கும் அவர்களில் பலர் கல்லூரியில் படித்தவர்கள், அயல்மொழி பேசத் தெரிந்தவர்கள். வீட்டைவிட்டு ஓடிவந்த லாராவுக்கு (மார்கோ ராபி அப்போது அவ்வளவாக அறியப்படாதவர்) இந்த வேலைதான் விடுதலை. அவமானத்தையும் விடுதலையையும் ஒரே சீருடைக்குள் வைத்துத் தைத்ததில்தான் இத்தொடரின் உயிர் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். தயாரிப்பாளர்களுள் ஒருவரான நான்சி ஹல்ட் கேனிஸ் தாமே பான் ஆம் பணிப்பெண்ணாக இருந்தவர். அதனால்தான் இரண்டையும் மறைக்க மனம் வரவில்லை போலும். கேட் என்ற பெண்ணை உளவாளியாக்கிய கிளைக்கதை தேவையே இல்லை. பெர்லின் அத்தியாயத்தில், போரில் பெற்றோரை இழந்த கொலெட்டின் முகம் ஒன்றே போதும்.

கடைசி அத்தியாயத்தின் பெயர் ‘1964’. வேலையில் பால்பேதம் காட்டுவதைத் தடுக்கும் பிரிவு அடங்கிய குடியுரிமைச் சட்டம் அந்த ஆண்டு ஜூலையில்தான் வந்தது. தொடர் அதன் வாசலிலேயே நின்றுவிட்டது. பிறகு நடந்தது இன்னும் சுவையானது. பணிப்பெண் வேலை கேட்டு மறுக்கப்பட்ட டியாஸ் என்ற ஆண் வழக்குத் தொடுத்தார். பயணிகளின் மனத்தைத் தேற்றப் பெண்களால்தான் முடியும் என்று வாதாடியது பான் ஆம். பயணிகளைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதே உங்கள் முதல் வேலை என்று 1971-இல் சொல்லிவிட்டது மேல்முறையீட்டு நீதிமன்றம். 1991 டிசம்பரில் நிறுவனமே மூடப்பட்டது.

டியாஸின் வழக்கை யாராவது நாடகமாக எடுத்தால் நன்றாக இருக்கும் என்கிறாள் எங்கள் தோழி. கையுறைகளை மட்டும் விட்டுவிடக் கூடாதாம்.