தங்கவயலுக்கு ஒரு சுற்று வழி

பெங்களூரிலிருந்து கிழக்கே சுமார் 100 கி.மீ. தூரத்தில் இருக்கிறது கோலார் தங்கவயல். செல்போனில் உள்ள வரைபடச் செயலியைக் கேட்டால், சட்டென்று ஒரு நீலக் கோட்டைப் போட்டுக் காட்டிவிடும். அவசர வேலை உள்ளவர்களுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் போதாது. அவர்கள் தேடுவது சீக்கிரம் போய்ச் சேரும் வழியை அல்ல, வேடிக்கை பார்த்துக்கொண்டே போகும் வழியை.

செயலிக்கு நேரம் தெரியும், தூரம் தெரியும், அழகு தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் வண்டி ஓட்டுகிறவர்தான். முதல் பாடம், சேருமிடம். வெறுமனே 'கோலார்' என்று கேட்டால் செயலி மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். தங்கவயல் அங்கிருந்து இன்னும் 30 கி.மீ. 'ராபர்ட்சன்பேட்டை' என்று தேடுவது நல்லது.

அடுத்தது, வாகனம். கூகுள் மேப்ஸ் இருசக்கர வாகனங்களுக்கான தனி வழிகாட்டலை 2017 டிசம்பரில் முதன்முதலாக அறிமுகப்படுத்தியது இந்தியாவில்தான். அதைத் தேர்ந்தெடுக்காமல் காருக்கான வழியிலேயே போனால், ஹொசகோட்டையிலிருந்து பேத்தமங்கலா வரும் புதிய விரைவுச் சாலையில் ஏற்றிவிடக்கூடும். இருசக்கர வாகனங்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. வளைவுகளுக்காகவே ஏங்குகிறவர்களுக்கு ஜெர்மனியில் உருவான குர்விகர், காலிமோட்டோ போன்ற செயலிகள் இருக்கின்றன. நேர்ச்சாலையை ஒதுக்கி, வளைந்து போகும் சாலையாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பதுதான் இவற்றின் வேலை.

எந்தச் செயலியானாலும் 'நெடுஞ்சாலையைத் தவிர்' என்று சொல்லிவிட்டு, வழியில் நிற்க வேண்டிய ஊர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் நீலக் கோடு வளையத் தொடங்கும். முதலில் கோலார். நகரை ஒட்டிய பாறை மலையில் அந்தரகங்கை. கல் நந்தியின் வாயிலிருந்து ஊற்று நீர் விழுகிறது. பிறகு ஆவணி. நுளம்ப மன்னர்கள் காலத்து ராமலிங்கேசுவரர் கோயில்களுக்குப் பின்னால் ஒற்றைப் பாறையாக எழும் குன்று. அப்புறம் பேத்தமங்கலா ஏரி. பாலாற்றுத் தண்ணீரைத் தேக்கித் தங்கவயலின் தாகத்தைத் தீர்த்த ஏரி இது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பேரணாம்பட்டு வழி. மலைச்சாலை ஏறி ஆந்திரத்தின் வி.கோட்டாவைத் தொட்டு, கர்நாடகத்தில் இறங்கினால் ஒரே காலையில் மூன்று மாநிலங்கள். யானை நடமாட்டம் உள்ள காட்டுப் பகுதி என்பதால் இருட்டில் வேண்டாம்.

தங்கவயலுக்குள் நுழைந்ததும் தூரத்தில் வெளிறிய சாம்பல் நிறத்தில் மேடைபோல் குன்றுகள் தெரிகின்றன. மரம் கிடையாது, பாறை கிடையாது. மழைநீர் அறுத்த பள்ளங்கள் பக்கவாட்டில் வரிவரியாக இறங்குகின்றன. சினிமாக்காரர்களுக்குப் பிடித்த இடம். மோட்டார் சைக்கிளில் ஏறிப் பார்க்கவும் ஆசை வரும். ஆனால் இவை இயற்கை தந்த குன்றுகள் அல்ல. சுரங்கத்திலிருந்து வெட்டியெடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு. உள்ளூரில் இதன் பெயரே 'சயனைடு மலை'தான்.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வேலையைத் தொடங்கியதிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும்வரை இங்கிருந்து வெளியேறிய தங்கம் 800 டன்னுக்கு மேல். அதற்காக மூன்று கி.மீ.க்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள், அதிலும் தலித்துகள். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. தொழிலாளிக்குக் கிடைத்தது பாறை வெடிப்பு விபத்தும் நுரையீரலை அரிக்கும் சிலிகோசிஸும். தங்கம் போய்விட்டது. சுமார் 3.3 கோடி டன் கழிவு மட்டும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வாசலில் நிற்கிறது. ஆடிக் காற்று அடித்தால் அந்தத் தூள் சமையல் பாத்திரம்வரை வந்து படிகிறது. மேலே டயர் ஏறினால் இறுகிய பரப்பு உடைந்து இன்னும் பறக்கும். மிச்சமிருக்கும் தங்கத்துக்காக 13 கழிவுக் குன்றுகளை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் தெரிவித்தது.

செயலியின் திரையில் இதெல்லாம் பெயரில்லாத ஒரு வெளிர் திட்டு. கைவிடப்பட்ட சுரங்க வாய்கள் எல்லாவற்றையும் அது காட்டாது. ஆகவே குன்றைச் சாலையில் நின்று பார்ப்பதே மரியாதை, பத்திரமும்கூட. ஊருக்குள் பார்க்க நிறைய உண்டு: சாம்பியன் ரீஃபில் துருப்பிடித்து நிற்கும் இரும்புக் கோபுரங்கள், வெள்ளைக்காரர் காலத்து பங்களாக்கள், அவற்றிலிருந்து தள்ளி நெருக்கமாக நிற்கும் தொழிலாளர் 'லைன்' வீடுகள், ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் கேட்கும் தமிழ்.

திரும்பும்போது கோடிலிங்கேசுவரர் கோயில் உள்ள கம்மசந்திரா, பங்காருப்பேட்டை, மாலூர் வழியாக வரலாம். சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும் என்பதால் வரைபடத்தைக் கிளம்பும் முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பங்காருப்பேட்டையில் ரயில்வே கேட் மூடியிருந்தால் பொறுமை தேவை. சுரங்கம் மூடியபின் தங்கவயல்காரர்கள் ஆயிரக்கணக்கில் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருவது மாரிக்குப்பம் ரயில்களில்தான்.