தேடிய பொன்னும் தெளிந்த பாடமும்

சென்ற ஆண்டு ஆடிப்பெருக்கன்று மோகனூர்க் காவிரிக் கரையில் என் தாயார் தாலிக்குப் புதுக்கயிறு மாற்றும்போது, பழைய கயிற்றிலிருந்து இரண்டு பொற்குண்டுகள் மணலில் உருண்டு மறைந்தன. அம்மாயி ஆடு விற்றுச் செய்து போட்டவை. அம்மா ஒன்றும் பேசவில்லை, அன்றிரவு உண்ணவுமில்லை. மேட்டூரில் நீரைக் கூட்டித் திறந்துவிட்டால் அந்த மணலும் மூழ்கிவிடும்.

மறுநாள் மாமா, புதைந்த குழாய் தேடும் ஒருவரிடம் மெட்டல் டிடெக்டரை இரவல் வாங்கி வந்தார். உடன் இரண்டு சுருள்கள்: ஒன்று சோற்றுத் தட்டளவு, மற்றொன்று உள்ளங்கையளவு. “பெரியதுதான் ஆழம் போகும்” என்றேன். “படிச்ச மாப்பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றார் மாமா.

அடிக்கு அடி கருவி அலறிற்று. கிடைத்தவை சோடா மூடி, ஆணி, பக்தர்கள் வீசிய காசு. நண்பகலில் ஒலியும் தேய்ந்தது. திறந்து பார்த்தால், பல மாதங்களாக எடுக்காமல் விட்ட பாட்டரிகளில் ஒன்று கசிந்திருந்தது. வெறுங்கையுடன் திரும்பினோம்.

இரவு பாடநூலைப் புரட்டினேன். 1831இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. சுருளில் மாறும் மின்னோட்டம் மண்ணிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது; அதன் எதிரொலியே நாம் கேட்கும் ஒலி. பெரிய சுருளின் காந்தப்புலம் ஆழம் செல்லும். ஆனால் அகலப் பரவுவதால் குண்டுமணி போன்ற சிறு பொருள் அதற்கு உறைக்காது. அருகருகே கிடப்பவற்றைப் பிரித்தும் காட்டாது. 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேடிய கிரகாம் பெல்லும் தோற்றார். படுக்கையிலிருந்த உலோகக் கம்பிச் சுருள்கள் கருவியைக் குழப்பியதும் ஒரு காரணம் என்பர். மேதைக்கே அந்த நிலை!

மூன்றாம் நாள் விடியலில் சிறிய சுருளைப் பூட்டினோம். பாட்டரிகள் அனைத்தும் புதியவை. பழையதும் புதியதும் கலந்தால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். ஒலிபெருக்கி மின்சாரத்தை விழுங்கும் என்பதால் காதில் ஹெட்போன். கயிறு கட்டி மணலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மண்வெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு மெல்லத் துழாவினேன். ஐந்தாம் கட்டத்தில் மெல்லிய கீச்சொலி. நாலு விரற்கடை ஆழத்தில் ஒரு குண்டு!

மற்றொன்றைக் காவிரியே வைத்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் மாமா மறவாமல் பாட்டரிகளைக் கழற்றித் துணியில் சுற்றினார்.

“ஒன்னாவது கெடச்சுதே, கண்ணு” என்று அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதே பாடத்தில் தேர்வில் நிறைய மதிப்பெண் வாங்கியவன் நான். ஏட்டில் எழுதியது கையில் வர, அம்மாவின் கண்ணீர் வேண்டியிருந்தது.