ஊட்னடாட்டா பாதையில் ஒரு விரல் தூசி

கடன் கட்டி முடியாத காரின் மட்கார்டில் ஓட்டை போடுவதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். மெக்கானிக் ட்ரில்லை எடுத்தபோது நான் வெளியே போய் நின்றுவிட்டேன். அப்பா மட்டும் உள்ளே நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலைப் பள்ளி விடுமுறைக்கு அடிலெய்டிலிருந்து மறீ போய், அங்கிருந்து ஊட்னடாட்டா பாதையில் மார்லா வரை போவதென்று முடிவு. 600 கிலோமீற்றருக்கு மேல் மண் றோட்டு. இரண்டு பிள்ளைகள், மனைவி, 76 வயதில் அப்பா. நடுவில் எஞ்சின் நின்றால் யாரைக் கூப்பிடுவது? அந்தப் பயத்தில்தான் பிராடோவுக்கு ஸ்நோர்க்கல் பூட்ட நினைத்தேன். எஞ்சின் காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கிற குழாய் அது.

உண்மையைச் சொன்னால், என்ர மனதில் இருந்தது தண்ணீர். பொனற் மூழ்க மூழ்க ஆறு கடக்கிற வீடியோக்களைப் பார்த்துக் கெட்டுப்போன மனம். டீசல் எஞ்சின் ஒரு மிடறு தண்ணீரை இழுத்தாலே போதும். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. கொனெக்டிங் றொட் வளைந்துவிடும். ஆனால் இந்தப் பாதையில் மழை பெய்தால் அரசாங்கமே றோட்டை மூடிவிடும், மீறிப் போனால் தண்டப்பணம். தண்ணீர் வரும்போது நீங்கள் அங்கே இருக்கவே கூடாது! அதோடு குழாயை உயர்த்தினால் மட்டும் கார் படகாகிவிடாது. டிஃபரென்ஷலும் கியர் பொக்ஸும் மூச்சு விடுகிற சின்னக் குழாய்கள் தாழ்வில் இருந்தால் அவற்றுக்குள்ளும் தண்ணீர் போகும்.

அப்பாவுக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலையே இல்லை. "தம்பி, அங்க புழுதிதானே?" என்று ஒரே கேள்வி. கிளிநொச்சியில் மசி பெர்கியூசன் உழவு மெஷின் வைத்திருந்தவர். சூடடிக்கிற காலத்தில் வைக்கோல் தூசிக்குள் நாள் முழுக்க நின்ற மெஷின். அதன் ஏர் கிளீனரின் அடியில் ஒயில் ஊற்றிய கிண்ணம் ஒன்று இருக்கும், பின்னேரம் கழற்றினால் கஞ்சி மாதிரிச் சேறு என்பார்.

அவர் சொன்னது சரிதான். பல வண்டிகள் முன் சில்லுக்குப் பக்கத்தில், மட்கார்டுக்குள்ளிருந்துதான் காற்றை இழுக்கின்றன. புழுதி கிளம்புகிற இடமே அதுதான். கூரை உயரத்தில் அது குறைவு. குழாயின் தலையில் இரண்டு வகை உண்டு: முன்னுக்கு வாய் திறந்து காற்றை வாங்குவது ஒன்று, காற்றைச் சுழற்றி மண்ணை ஓரத்துக்கு எறிந்து கிண்ணத்தில் சேர்க்கிற உருண்டை ஒன்று. உருண்டையைக் கண்டதும் அப்பா சிரித்தார். "எங்கட மெஷினிலயும் இதுதானே இருந்தது!" எனக்கு அது வடிவாகத் தெரியவில்லை. முன்வாய்த் தலையை வாங்கினேன்.

பிழை அதோடு நிற்கவில்லை. கழுவிக் கழுவிப் பாவிக்கலாம், காற்று நல்லா ஓடும் என்று ஒயில் தடவிய பருத்தி ஃபில்டரையும் வாங்கினேன். "காற்று லேசாப் போனா மண்ணும் லேசாப் போகும்" என்றார் அப்பா. பழைய கடதாசி ஃபில்டர்தான் திறம் என்று புதிதாக ஒன்றை வாங்கி, பெட்டி உடைக்காமல் பின்னால் வைத்தார். நான் ஒன்றும் பேசவில்லை. (மனைவி பேசினார், என்னிடம்தான்.)

மறீயில் ஒட்டகக்காரர்களின் பழைய மண் பள்ளிவாசலின் மாதிரியைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். அதற்குப் பிறகு 1980இல் நின்றுபோன பழைய 'கான்' ரயில் பாதை கூடவே வரும். வலது பக்கம் ஏர் ஏரியின் தென்பகுதி, கண் கூசுகிற உப்பு வெள்ளை. எங்களுக்கு முன்னால் ஒரு கரவன் போய்க்கொண்டிருந்தது. அதன் புழுதிக்குள்ளேயே ஒரு மணித்தியாலம் ஓடினேன். இங்குதான் எனக்குப் புத்தி இல்லாமல் போனது. முன்வாய்த் தலை அந்தப் புழுதியை நேராக வாங்கும் என்பது உறைக்கவில்லை.

மறீயிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றரில் கவர்ட் ஸ்பிறிங்ஸ். பேரீச்சை மரங்களும் ஊற்று நீர்த் தொட்டியும் இருக்கிற இடம். பிள்ளைகள் தொட்டிக்குள் இறங்க, அப்பா பொனற்றைத் திறக்கச் சொன்னார். ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் எஞ்சினுக்குப் போகிற குழாய்க்குள் விரலை விட்டுத் தடவி எடுத்தார். விரல் நுனி முழுக்கச் சிவப்பு மா.

அந்தப் பக்கம் ஒரு பொட்டுத் தூசிகூட இருக்கக்கூடாது. அது டேர்போவையும் சிலிண்டரையும் அரம் மாதிரி அராவும். நான் வாங்கிய ஃபில்டரின் விளிம்பு ஒரு மூலையில் சரியாகக் குந்தவில்லை. எனக்கு வயிறு கலங்கியது. அப்பா ஏசவில்லை. ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்து, கடதாசி ஃபில்டரின் ரப்பர் விளிம்பில் மெல்லிசாகக் கிறீஸ் பூசிப் போட்டார். குழாய் மூட்டுகளின் கிளிப்புகளைத் திரும்ப இறுக்கச் சொன்னார். "தலையைப் பின்னுக்குத் திருப்பிவிடு" என்றார்.

அதன்பிறகு முன்னால் வண்டி வந்தால் நிறுத்தி, புழுதி அடங்கிய பிறகுதான் எடுத்தேன். மகனுக்குப் பொறுமையில்லை. "அப்பப்பா, why are we waiting?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஆல்ஜிபக்கினாவில் பழைய ரயில் பாலம் 578 மீற்றர் நீளம். நாங்கள் ஆற்றைக் கடந்த இடத்திலோ சில்லு நனையவில்லை.

மார்லாவில் டீசல் அடித்துவிட்டுத் திரும்பப் பெட்டியைத் திறந்தோம். இந்தமுறை விரல் விட்டது மகன். எடுத்துப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான். ஒன்றுமில்லை. அப்பா அவன் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, தேத்தண்ணிப் பிளாஸ்க் எங்க?" என்றார்.