ஒரு கிலோ எண்ணெய், மூன்று கிலோ வாயு

நான் நடத்திய நுகர்வோர் வழக்குகளில் மிகக் குறைந்த தொகைக்கு நடந்தது இதுதான்: 600 சொச்சம் ரூபாய். திருச்சியைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக டிக்கெட் எடுத்தார். பணம் கட்டும் பக்கத்தில், கூடுதலாக இந்தத் தொகையைச் செலுத்தினால் மரம் நட்டு, பயணத்தின் கார்பன் பாதிப்பு முழுமையாக ஈடுசெய்யப்படும் என்று போட்டிருந்தது. கட்டினார். பச்சை இலை போட்ட சான்றிதழ் ஒன்று மின்னஞ்சலில் வந்தது. எந்த ஊரில் நட்டார்கள், என்ன மரம், எத்தனை, யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. கேட்டு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் நன்றி சொல்லித்தான் பதில் வந்தது.

“பணம் திரும்ப வேண்டாம் தம்பி, அந்த வாக்கியம் போகணும்” என்றார் என்னிடம்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட வழிசெய்கிறது. அதே சட்டத்தின் 2(28)-ஆம் பிரிவு, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கட்டணம் விருப்பத்தின் பேரில் செலுத்துவது, யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றது எதிர்தரப்பு. விரும்பிக் கொடுத்த பணம் என்பதாலேயே பொய் சொல்லி வாங்கலாமா என்பது என் வாதம்.

எங்கள் கணக்கையும் அவர்கள் விடவில்லை. ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயு வரும் என்று மனுவில் எழுதியிருந்தோம். ஒரு கிலோவிலிருந்து மூன்று கிலோ எப்படி வரும் என்று எதிர்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். வழக்கை விசாரித்த நுகர்வோர் ஆணையத்தின் தலைவர் ஆசிரியரைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள் என்றார்.

அவர் எழுந்து நின்றார். விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகை. எடையில் ஏறக்குறைய 86 சதவீதம் கார்பன். 12 கிராம் கார்பன் எரியும்போது காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் கரியமில வாயுவாகிறது. அந்த விகிதத்தில் ஒரு கிலோ எரிபொருளுக்கு 3.15 கிலோ வருகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் கணக்கீட்டுக்கு வைத்திருக்கும் எண் 3.16. “எடை எண்ணெயிலிருந்து மட்டும் வரலீங்க, காத்துலேருந்தும் வருது” என்று சொல்லி முடித்தார். அதன்பின் எதிர்தரப்பு அந்தக் கேள்வியை எழுப்பவே இல்லை.

மரத்தைப் பற்றியும் அவரே சொன்னார். விமானம் சில மணி நேரத்தில் கக்குவதை ஒரு கன்று உறிஞ்சி முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். இடையில் வெட்டினாலோ தீப்பிடித்தாலோ உறிஞ்சியது திரும்பக் காற்றுக்கே போய்விடும். வானத்தில் விமானம் விட்டுச்செல்லும் வெண்கோடுகளும் வெப்பத்தைப் பிடித்துவைக்கின்றன. சான்றிதழின் கணக்கில் அவை சேரவே இல்லை.

சட்டத்தில் எனக்குப் பெரும் துணையாக வந்தது, 2024 மார்ச் 20 அன்று ஆம்ஸ்டர்டாம் மாவட்ட நீதிமன்றம் கேஎல்எம் விமான நிறுவனத்துக்கு எதிராக வழங்கிய தீர்ப்பு. ஆய்வுக்கு எடுத்த 19 விளம்பர வாசகங்களில் 15 தவறாக வழிநடத்துபவை என்று அது கண்டது. மரம் நடுவதும் மாற்று எரிபொருளும் பாதிப்பை மிகச் சிறிய அளவுக்கே குறைக்கின்றன, நிறுவனம் நிலவரத்தை அழகாக்கிக் காட்டியிருக்கிறது என்றது. அந்நிய நாட்டுத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது என்று எதிர்தரப்பு சொன்னது சரிதான். கட்டுப்படுத்தாவிட்டாலும் அதில் உள்ள நியாயம் இங்கும் பொருந்தும் என்று வாதிட்டேன். வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 2024 அக்டோபரில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் பசுமை விளம்பரங்களுக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதையும் தாக்கல் செய்தேன்.

கட்டணத்தைத் திருப்பித் தரவும், செலவுத்தொகை கொடுக்கவும், ‘முழுமையாக ஈடுசெய்யப்படும்’ என்ற வாசகத்தை நீக்கவும் உத்தரவு வந்தது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் அந்தப் பயணத்தின் கரியமில வாயு அளவை அச்சிட வேண்டும் என்ற எங்கள் இன்னொரு கோரிக்கை மட்டும், ஆணையத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று தள்ளுபடியானது. சட்டப்படி அது சரியான முடிவு. ஆனாலும் எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பிரான்ஸில் 2013 முதல் பயணச்சீட்டு விற்பவர்கள் இந்த அளவைச் சொல்லியாக வேண்டும். வரியையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் வரிவரியாகக் காட்டும் சீட்டில் இதற்கு இடமா இல்லை? நேராகப் போகும் விமானத்துக்கும், வேறு ஊரில் இறங்கி ஏறிச் சுற்றிப் போவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அகலமான பிசினஸ் இருக்கை, எகானமி இருக்கையைவிட எத்தனை மடங்கு இடத்தை அடைக்கிறது, அதனால் தலைக்கு எவ்வளவு கூடுகிறது என்பதும் தெரியும். பயணத்தைக் குறைப்பதா, மாற்றுவதா என்று பயணி யோசிக்க ஆரம்பிப்பது அங்கேதான்.

அந்தக் கோரிக்கையைத் தனி மனுவாக எழுதி, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஆசிரியர் பெயரில் அனுப்பினோம். கையெழுத்துப் போடும்முன் அவர் பேனாவை வாங்கி அடியில் ஒரு வரி சேர்த்தார்: திருச்சி–சென்னை போல ரயில் ஓடும் தடங்களில், விமான டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் போனால் எவ்வளவு கரியமில வாயு என்பதையும் காட்ட வேண்டும்.