தமிழாசிரியர் வீட்டில் தாமதமாக வந்த பேச்சு



ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் குழந்தைகளின் மொழி வளர்ச்சிப் படிநிலைகளைத் தேர்வுக்காக மனனம் செய்தோம். ஏறத்தாழ ஓராண்டில் முதற்சொல்; ஈராண்டில் இரு சொற்களை இணைத்துப் பேசுதல். அன்று அவை எனக்கு வெறும் குறிப்புகளே. 2016ஆம் ஆண்டில் என் இளைய மகன் பிறந்த பிறகுதான், அந்தப் படிநிலை ஒவ்வொன்றும் ஒரு தாயின் நெஞ்சில் எவ்வளவு கனமாக இறங்கும் என்பதை உணர்ந்தேன்.

அவன் இரண்டு வயதாகியும் ஒரு சொல் பேசவில்லை. பேச்சைக் காட்டிலும் வேறு சில செய்திகளே என்னை அதிகம் கவலையுறச் செய்தன. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் டின்னைத் திறக்கும் ஓசை கேட்டால் ஓடி வருவான். வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டமாட்டான். என் கையைப் பற்றி இழுத்துச் சென்று, குளிர்பதனப் பெட்டியின் கதவில் வைப்பான். மூன்று சக்கர மிதிவண்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் சக்கரத்தை அரைமணி நேரம் சுழற்றிக்கொண்டிருப்பான்.

“பயப்படாதேம்மா, இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்” என்று மாமியார் தேற்றினார். அன்பினால் சொன்ன சொல்தான். தாமதமாகப் பேசத் தொடங்கிப் பின்னர் இயல்பாக வளரும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் நம் பிள்ளை அவர்களுள் ஒருவனா என்பதைக் காத்திருந்து அறிவதைவிடச் சோதித்து அறிவதே நல்லது எனக் கணவரும் நானும் முடிவு செய்தோம்.

முதலில் செவிப்புலன் சோதனை. பேச்சுத் தாமதம் என்றாலே அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கேளாத ஒலியைக் குழந்தை எவ்வாறு சொல்லும்? செவியில் குறையில்லை என்று தெரிந்தது. பின்னர் மாதக்கணக்கில் காத்திருந்து, 2019ஆம் ஆண்டில் குழந்தை நல மருத்துவர் ‘ஆட்டிசம்’ என்று உறுதி செய்தார். வீடு திரும்பும் வழியில் கணவரும் நானும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. பின்னிருக்கையில் அவன் மட்டும் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தான்.

அடுத்து வந்த சிக்கல் ஒரு தமிழாசிரியராகிய என்னை நேரடியாகத் தாக்கியது. எங்கள் வீட்டில் தமிழ், பராமரிப்பு இல்லத்தில் மலாய், தொலைக்காட்சியில் ஆங்கிலம். “இத்தனை மொழிகளால் பிள்ளை குழம்புகிறான். தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்று ஒரு பயிற்சியாளர் அறிவுறுத்தினார். பல இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தன. மகனுக்குப் பேச்சு வருமானால் எந்த மொழியையும் விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமாகவே இருந்தேன். இதில் மொழிப்பற்றைக் காட்டிப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பணயம் வைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது.

ஆயினும் ஆங்கிலம் அறியாத பாட்டிதான் அவனுக்குச் சோறூட்டினார், குளிப்பாட்டினார். தமிழை நிறுத்தினால், நாள் முழுவதும் அவனோடிருக்கும் அவர் வாய்மூடி இருக்க வேண்டும். வேறொரு பேச்சுப் பயிற்சியாளரை நாடினோம். பன்மொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை என்றும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் இரு மொழிகளைக் கற்க முடியும் என்றும் ஆய்வுகளைச் சுட்டி அவர் விளக்கினார். “உங்களுக்கு எந்த மொழி இயல்பாக வருகிறதோ, அதில் நிறைய பேசுங்கள்” என்றார். தமிழ் எங்கள் வீட்டில் தங்கியது.

அது வகுப்பறைத் தமிழன்று. ‘வேண்டும்’ என்று பள்ளியில் வலியுறுத்தும் நான், வீட்டில் ‘வேணும்’ என்றே சொன்னேன். மூன்றரை வயதில் அவனிடமிருந்து சொற்கள் வரத் தொடங்கின. ஆனால் நாங்கள் சொன்னவற்றின் எதிரொலியாகவே வந்தன. பால் வேண்டுமென்றால் “பால் வேணுமா?” என்பான். நாங்கள் கேட்ட கேள்வியே அவனுக்கு வேண்டுகோளாயிற்று. இதனைப் பொருளற்ற கிளிப்பேச்சு என எண்ண வேண்டா. அவன் தன் தேவையைத்தான் சொல்கிறான் என்று பயிற்சியாளர் தெளிவுபடுத்தினார். அன்றிலிருந்து கேள்வியைக் குறைத்து, அவன் சொல்ல வேண்டிய வடிவத்தையே நாங்கள் சொன்னோம். கோப்பையைக் காட்டி “பால் வேணும்” என்போம். பிறகு மனத்திற்குள் பத்து வரை எண்ணிக் காத்திருப்போம். அந்த ‘ஆ’ என்னும் வினா எழுத்து அவன் பேச்சிலிருந்து உதிர ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. வினா எழுத்துகளை எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். அதன் எடையை அவனிடம்தான் அறிந்தேன்.

இதற்கிடையே 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பயிற்சிகள் நின்றன. ஓர் அறையில் நான் மாணவர்களுக்கு இயங்கலைவழிப் பாடம் நடத்த, மறு அறையில் கணவர் படஅட்டைகளோடு அவனுடன் அமர்ந்திருப்பார். அட்டைகள் நாங்களே வெட்டி ஒட்டியவை: சோறு, தண்ணீர், கழிப்பறை, வெளியே, போதும். ‘போதும்’ அட்டையை எடுத்து நீட்டக் கற்றபின் அவன் தரையில் புரண்டு அழுவது வெகுவாகக் குறைந்தது. படம் காட்டினால் பேச்சு வராமற் போய்விடுமோ என்று அஞ்சும் பெற்றோர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: எங்கள் வீட்டில் படம் பேச்சைத் தடுக்கவில்லை, அதற்கு வழிவிட்டது.

அக்காலத்தில் திருக்குறள் மனனப் போட்டிக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்த வேண்டியிருந்தது. மக்கட்பேறு அதிகாரத்தில் மழலைச் சொல்லின் இனிமையைக் கூறும் 66ஆம் குறளை விளக்கும் பொழுதெல்லாம் தொண்டை அடைக்கும். வள்ளுவர்மீது சிறு கோபம்கூட வந்ததுண்டு. இன்று அந்தக் குறளைக் கற்பிக்கும்போது, வகுப்பில் வாய்திறவாமல் அமர்ந்திருக்கும் மாணவனின் தாயை நினைத்துக்கொள்கிறேன்.

மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிவு செய்வதில் கணவருக்குத் தயக்கம் இருந்தது. “பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்களே” என்றார். இப்பதிவு கட்டாயமன்று; ஆனால் சிறப்புக் கல்விக்கான கதவு அதனால் எளிதில் திறக்கும். அட்டை இல்லாவிட்டாலும் பிறர் அவனுக்கு ஏதோ ஒரு பெயர் வைக்கத்தான் போகிறார்கள். அது அடங்காப்பிள்ளை என்பதாக இருக்கும் என்றேன். சம்மதித்தார். 2023ஆம் ஆண்டில் மகன் சிறப்புக் கல்வி வகுப்பில் முதலாம் ஆண்டில் சேர்ந்தான்.

ஆசிரிய நண்பர்களே, நோயைக் கண்டறிவது நம் பணியன்று. கவனிப்பது நம் பணி. “உங்கள் பிள்ளைக்கு ஆட்டிசம்” என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். “அழைத்தால் திரும்புவதில்லை, கட்டளையைச் சொல்லால் மட்டும் கூறினால் விளங்குவதில்லை, படம் காட்டினால் செய்கிறான்” என்று கண்டதை மட்டும் தேதியோடு எழுதிக் கொடுங்கள். மருத்துவருக்கு அது பேருதவியாகும்.

பெற்றோர்களே, அரசு சுகாதார நிலையத்தில் வழங்கப்படும் குழந்தை உடல்நலப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். 18 மாதத்திலும் மூன்று வயதிலும் நிரப்ப வேண்டிய ஆட்டிசம் வினாப்பட்டியல் அதில் உண்டு. தாதியின் முகம் கோணாதிருக்க எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று குறியிட வேண்டா; உள்ளதை உள்ளபடி குறியுங்கள். பேச்சுப் பயிற்சியைத் தொடங்க நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

என் மகன் இப்பொழுது நான்கைந்து சொற்களில் தன் தேவையைச் சொல்கிறான். “இன்று பள்ளியில் என்ன நடந்தது?” என்று கேட்டால் இன்னும் விடை வருவதில்லை. வருமா என்பதும் தெரியாது. எனக்குப் பின் அவன் சொல்ல வருவதை யார் பொறுமையாகக் கேட்பார்கள் என்னும் கவலை ஒவ்வொரு நாளும் உண்டு. உங்கள் வகுப்பில் இத்தகைய பிள்ளை ஒருவன் இருந்தால், ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பத்து வரை எண்ணுங்கள். அவ்வளவு நேரம் அவனுக்காகக் காத்திருப்பவர்கள் மிகச் சிலரே.