வாரம் ஐந்து நிமிடம்

பிள்ளைகளே, உங்கள் தலைமுறைக்குப் பயிற்சி வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு நாள் வகுப்பு, சனி ஞாயிறு வகுப்பு, போனிலேயே முடித்துவிடும் வகுப்பு. முடிந்த கையோடு சான்றிதழும் வந்துவிடுகிறது. படிக்க இத்தனை வழி இருப்பது நல்லதுதான். ஆனால் நான் நர்ஸ் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே தலை நரைத்தவள். வகுப்பில் தேறியவர் வார்டிலும் தேறுவார் என்று யாராவது சொன்னால், சட்டென்று நம்பமாட்டேன். ஏன் என்று கேட்டால், தான்சானியாவில் நடந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

முதலில் விஷயம் என்னவென்று தெரிய வேண்டும். பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 90 தானாகவே மூச்சு விட்டு அழுதுவிடும். மீதியில் பலவற்றுக்கு ஈரம் போகத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாலே மூச்சு வந்துவிடும். 3 முதல் 6 குழந்தைகளுக்குத்தான் முகத்தில் மாஸ்க் வைத்து, பையை அமுக்கி, நுரையீரலுக்குள் காற்றைத் தள்ள வேண்டியிருக்கும். மருந்து வரைக்கும் போவது 100இல் ஒன்றுக்கும் குறைவு. ஆக, பெரிய இயந்திரம் வேண்டாம். பெரும்பாலும் ஆக்சிஜன் சிலிண்டர்கூட வேண்டாம், அறைக் காற்றே போதும். வேண்டியது, தெரிந்த கை. அதுவும் பிறந்த முதல் நிமிடத்துக்குள்.

ஏன் அந்த அவசரம்? மூச்சு நின்ற குழந்தை முதலில் தேய்ப்புக்கு இசையும். அந்தக் கட்டம் கடந்துவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை, காற்றூட்டினால்தான் உண்டு. தான்சானியாவின் வடக்கே, ஹேடோம் என்ற கிராமப்புற ஆஸ்பத்திரியில் இதைக் கடிகாரம் வைத்தே கணக்கெடுத்தார்கள். காற்றூட்டத் தொடங்குவது 30 விநாடி தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும், குழந்தை இறந்துபோவதற்கோ நெடுநாள் வார்டில் கிடப்பதற்கோ உள்ள அபாயம் 16 சதவீதம் ஏறியது.

இந்த முதல் நிமிடத்துக்கு உலகெங்கும் ஆட்களைத் தயார் செய்ய, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் துணை அமைப்புகளும் சேர்ந்து 2010இல் ‘ஹெல்பிங் பேபீஸ் பிரீத்’ என்ற பயிற்சியைத் தொடங்கினார்கள். எழுத்தைவிடப் படம் அதிகம். சுவரில் மாட்ட ஒரு படத்தாள்: பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பார்த்தே அடுத்து செய்ய வேண்டியது புரியும். கூடவே ஒரு பொம்மை. தண்ணீர் நிரப்பினால் பச்சைக் குழந்தையின் கனம் வரும். பல்பை அமுக்கினால் அழும். தொப்புளில் துடிப்பு தெரியும். அதைச் செய்த நார்வே நாட்டு லேர்டால் நிறுவனம் ஒரு காலத்தில் விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்த நிறுவனம். பெரியவர்களுக்கு மூச்சுக் கொடுத்துப் பழகும் ‘ரெசுசி ஆனி’ பொம்மையும் 1960இல் அங்கிருந்துதான் வந்தது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 2010இல் ஹேடோமில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. ஏழு மாதம் கழித்துப் பொம்மையை வைத்துச் சோதித்தார்கள். பயிற்சிக்கு முன்பு உயிர்ப்பிக்கும் சோதனையில் தேறியவர்கள் 18 சதவீதம். இப்போது 74 சதவீதம். கைதட்ட வேண்டிய முன்னேற்றம். ஆனால் அவர்கள் அதோடு நிற்காமல் பிரசவ அறைக்குள்ளும் போய்ப் பார்த்தார்கள். அங்கே காற்றூட்டுவதில் மாற்றமே இல்லை. முதுகு தேய்த்துவிடுவது முன்பைவிடக் குறைந்தே இருந்தது!

யாரும் சோம்பேறிகள் அல்லர், தெரியாதவர்களும் அல்லர். பொம்மைக்கு முன்னால் தெரிந்தது, நள்ளிரவில் அழாத குழந்தைக்கு முன்னால் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். பத்து நாள் வாத்தியத்தைத் தொடாத வித்வானுக்கே விரல் தடுமாறும் என்றால், எப்போதோ ஒருமுறை வரும் நிமிடத்துக்காக ஒரே ஒரு நாள் பழகிய கையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அவர்கள் செய்த மாற்றம் எளிமையானது. பொம்மையைப் பிரசவ வார்டுப் பக்கமே கொண்டுவந்தார்கள். வாரம் ஒருமுறை மூன்று முதல் ஐந்து நிமிடம் பழகுவது. மாதம் ஒருமுறை 40 நிமிடம் எல்லாம் மறுபடி செய்து பார்ப்பது. முன்பு 1000 பிறப்புக்கு 11 குழந்தைகள் முதல் நாளிலேயே இறந்துகொண்டிருந்தன. அது 7 ஆகக் குறைந்தது. தேய்த்துவிடுவதும் மூச்சுப்பாதையைச் சுத்தம் செய்வதும் கூடின. பை வைத்துக் காற்றூட்டும் அளவுக்குப் போன குழந்தைகள் குறைந்தன.

ஆகவே, பிள்ளைகளே, உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

உங்கள் தொழிலில் அடிக்கடி வராத, ஆனால் வந்தால் உயிர் போகிற காரியம் எது என்று கண்டுபிடியுங்கள். தினமும் செய்யும் வேலை தானே கைக்குப் படியும். அரிதாக வருவதைத்தான் தேடிப்போய்ப் பழக வேண்டும்.

இருவராகப் பழகுங்கள். அந்தப் பயிற்சியில் ஒருவர் பொம்மையை இயக்குவார், மற்றவர் சிகிச்சை செய்வார்; பிறகு மாற்றிக்கொள்வார்கள். முடிந்ததும் எது சரி, எது பிசகு என்று பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் ஒருவர் பார்த்தால்தான் நம் பிசகு நமக்குத் தெரியும்.

சீனியர் ஆனபின் பொம்மையோடு உட்கார வெட்கம் வரும். அந்த வெட்கத்தை விட்டுத் தள்ளுங்கள். நீங்கள் பழகுவதைப் பார்த்தால்தான் புதிதாக வந்தவளும் பழகுவாள்.

வலி வருவதற்கு முன்பே தயாராகுங்கள். பை கிழியாமல் இருக்கிறதா, மாஸ்க் அளவு சரியா, வெளிச்சம் போதுமா, உதவிக்கு யார் என்பதெல்லாம் குழந்தை பிறப்பதற்கு முன்பே பார்த்து முடிக்க வேண்டியவை. முதல் நிமிடம் துணி தேடுவதற்கு அல்ல.

கடைசியாக ஒன்று. அவசரப்பட்டு ‘முடிந்துவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். தான்சானியாவின் எட்டு ஆஸ்பத்திரிகளில் இந்தப் பயிற்சி நடந்தபின், பிறந்த 24 மணி நேரத்துக்குள் நேரும் இறப்பு 47 சதவீதம் குறைந்தது. அதோடு, பிரசவ வேளையில் இறந்து பிறந்ததாகப் பதிவாகும் குழந்தைகளும் 24 சதவீதம் குறைந்தன. இறந்தே பிறந்த குழந்தை பயிற்சியால் எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். அவற்றில் சில இறந்தவை அல்ல. அசைவின்றி, மூச்சின்றி, ஆனால் இதயம் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தவை. முன்பு துணியில் சுற்றி ஒதுக்கிவைத்திருப்பார்கள். இப்போது முயன்று பார்த்தார்கள்.

நீங்கள் எல்லோரும் நர்ஸ் ஆகப்போவதில்லை. பஸ் ஓட்டுவீர்கள், மின்கம்பம் ஏறுவீர்கள், பள்ளிக்கூடம் நடத்துவீர்கள். எங்கே போனாலும் அப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்குச் சேர அது வேண்டும். அதே வேலையில் ஓர் உயிரைக் காப்பாற்ற, வாரம் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். எந்தக் கிழமை, யாரோடு என்பதை இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.