பெட்டி மாவும் உம்மாவின் கைகளும்

முத்துக்குளித்துறைக்குக் கப்பல் கொண்டுவந்து இறக்கியவை பலவும் இங்கேயே தங்கிவிட்டன. மேசை, சாவி, அலமாரி, சன்னல் ஆகியவை போர்த்துக்கீசியம் தந்த சொற்கள் என்பதை மொழி வரலாறு பயிலும் மாணவர் அறிவர். தூத்துக்குடி மக்ரூனையும் அவ்வரிசையில் வைத்தே பேசுவர். முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரி என்னும் மூன்றே பொருள். மேலைநாட்டில் பாதாம் சேர்வதற்கு இங்கே முந்திரி சேர்கிறது. அம்முந்திரியையும் பிரேசிலிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியரே என்பது சுவையான செய்தி. வெளியிலிருந்து வந்ததை வாங்கித் தன் கைப்பக்குவத்தில் தனதாக்கிக்கொள்வது இக்கடற்கரையின் இயல்பு எனலாம்.

எங்கள் வீட்டுக்கும் அவ்வாறு ஒரு பொருள் வந்தது. துபாயிலிருந்து விடுமுறையில் வந்த தம்பி, பெட்டியில் அடைத்த கேக் மாவு இரண்டு கொண்டுவந்தான். கேக்கிற்கு 'அணிச்சல்' என்று தமிழன்பர்கள் பெயர் சூட்டியுள்ளனர், நல்ல சொல்தான். ஆயினும் அடுமனைப் பலகைகளில் அதனைக் காண்பது அரிது. ஆதலின் கேக் என்றே எழுதுகிறேன்.

உம்மா அப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "கை போடாத பண்டத்துக்கு ருசி எங்கிருந்து வரும்?" என்று கேட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார்கள். காயல்பட்டினத்தில் பிறந்து, வட்டிலப்பத்திற்குத் தேங்காய்ப்பால் பிழிந்தும், பெருநாளுக்கு ரவை கேக்கிற்கு முட்டை அடித்தும் பழகிய கைகள் அவர்களுடையவை. ஒரே திசையில் நெடுநேரம் அடிக்க வேண்டும். நுரை பொங்கி நிற்க வேண்டும். சட்டியில் கடற்கரை மணல் பரப்பி, மூடியின்மேல் சிரட்டைக் கனல் இட்டு வேகவைப்பார்கள். முடக்குவாதம் வந்து விரல்கள் மடங்கிய பின் அவ்வேலை நின்றது. நின்றது என்று அவர்கள் சொன்னதில்லை; "இந்தப் பெருநாளைக்குக் கடையில் வாங்கிக்குவோம்" என்பார்கள். அவ்வாறு ஆறு பெருநாள்கள் கழிந்தன.

நிற்க. பெட்டி மாவின் வரலாறும் அறியத்தக்கதே. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் சர்க்கரைப்பாகு வணிகம் செய்த டஃப் என்னும் நிறுவனம், விற்பனையாகாது தேங்கிய பாகினை மாவுடன் கலந்து உலர்த்தித் தூளாக்கியது. நீர் ஊற்றிச் சுட்டால் போதும். 1933ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை கிடைத்தது. உலர்ந்த முட்டைத் தூளை நீக்கிவிட்டுப் பெண்டிரே முட்டையை உடைத்து ஊற்றும்படி செய்தால், தாமே செய்த நிறைவு அவர்களுக்கு உண்டாகும் என்று எர்னஸ்ட் டிக்டர் என்னும் உளவியலறிஞர் 1950களில் கண்டறிந்ததாக ஒரு கதை வழங்கிவருகிறது. கதை அழகியது, ஆயினும் அதற்கு முன்பே, 1935இல், டஃப் நிறுவனத்தார் புது முட்டை சேர்க்கும் முறையை எழுதிவைத்துவிட்டனர். பெருமை எவருக்காயினும் ஆகுக. உண்பண்டத்தில் தன் பங்கும் இருக்க வேண்டும் என்னும் ஆவல் மனிதருக்கு உண்டு என்பதை அந்த வணிகர் நன்கு அறிந்திருந்தனர்.

அடுத்த பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, பேத்தி அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து வந்தாள். நம் பெரியவர்கள் முதலில் கேட்கும் கேள்வியையே உம்மாவும் கேட்டார்கள்: "உள்ளே என்னென்ன கிடக்கு? வாசித்துச் சொல்லு." மைதா, சர்க்கரை, சோடா, கொழுப்பைக் குழம்பாக்கும் பொருள் என்று அவள் வாசித்தாள். அப்பொருள் தாவரத்திலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். பெட்டியில் ஹலால் முத்திரை இருந்ததைக் காட்டிய பின்னரே இசைந்தார்கள்.

மூன்று முட்டை, அரைக் கோப்பை எண்ணெய், ஒரு கோப்பை நீர் என்று பெட்டி சொல்லிற்று. வெண்ணெய் ஆறினால் இறுகும், எண்ணெய் இறுகாது. ஆகவேதான் இவ்வகைக் கேக் மறுநாளும் ஈரப்பதத்தோடு மெத்தென்று இருக்கிறது. நெடுநேரம் அடிக்க வேண்டியதும் இல்லை. மிகுதியாகக் கலக்கினால் மாவின் பசைத்தன்மை முறுகிக் கேக் இறுகிவிடும். பல்லாண்டு ஓங்கி அடித்துப் பழகிய உம்மாவுக்கு இது வியப்பாக இருந்தது. முட்டைகளைத் தாமே உடைத்தார்கள். மடங்கிய விரல்களால் கரண்டியைப் பற்ற இயலாமையால், உள்ளங்கைக்கும் பெருவிரலுக்கும் இடையே செருகிக்கொண்டு கலக்கினார்கள். கட்டிகள் மறையும் அளவு போதும். அவ்வளவே அக்கைகளுக்கும் இயன்றது.

"தண்ணி எதுக்கு? தேங்காய்ப்பால் ஊற்று" என்றார்கள். பெட்டியில் அப்படி இல்லையே என்றாள் பேத்தி. "பெட்டிக்காரன் தேங்காயைக் கண்டானா?" என்று பதில் வந்தது. எண்ணெயையும் சற்றுக் குறைக்கச் சொன்னார்கள். தேங்காய்ப்பாலில் கொழுப்பு உண்டு என்பதை அவர்களுக்கு எந்த நூலும் கற்பிக்கவில்லை. இரண்டு ஏலக்காயும் பொடித்து விழுந்தன.

எங்களிடம் மின் அடுப்பு இல்லை. குக்கரின் அடியில் இரண்டு கை உப்புப் பரப்பி, மூடியின் வளையத்தையும் குண்டையும் நீக்கிவிட்டு, பத்து நிமிடம் சூடாக்கினோம். ஊரைச் சுற்றி உப்பளங்கள், உப்புக்கா பஞ்சம்? மணல் செய்த வேலையை உப்பு செய்தது. மாவுப் பாத்திரத்தை உள்ளே இறக்கிச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைத்தோம். நடுவில் குத்திய ஈர்க்குச்சி ஒட்டாமல் வந்தது. மேற்புறம் சிவக்கவில்லை என்பது ஒரு குறைதான். சிரட்டைக் கனலின் நிறம் இதற்கு வாய்ப்பதில்லை.

ஏழு துண்டுகளைத் தட்டில் அடுக்கி, தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு உம்மா பேத்தியிடம் கொடுத்தனுப்பினார்கள். ஒரு வீட்டு அம்மையார் வாசலுக்கே வந்து, "யார் செய்தது? எந்த பேக்கரி?" என்று வினவினார்.

"நான்தான் செய்தேன்" என்றார்கள் உம்மா. பிறகு உள்ளே திரும்பி, இரண்டாவது பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள்.